அபிஷேகம் வாசற்படியைத் தாண்டட்டும்

வேதபாடம்

தியானப் பகுதிகள்: ஏசாயா 58:1-12, அப்போஸ்தலர் 6:1-7, யாக்கோபு 2:1-17



இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்களைக் குறித்து சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடலாம்? பாஸ்டரைக் கூப்பிட்டால், "நல்ல ஜெப வீரர், ஒரு ஆராதனையும் தவற விடமாட்டார்" என்பார். பாடல் குழுவினரைக் கேட்டால், "அவர் கைதட்டிப் பாட ஆரம்பித்தால் சபையே அசையும்" என்பார்கள். சந்தோஷம். ஆனால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சகோதரியைக் கூப்பிட்டுக் கேட்டால்? உங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கேட்டால்? உங்கள் கடையில் வேலை பார்க்கிற பையனைக் கேட்டால்? அவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்ததுண்டா?

நானும் யோசித்ததில்லை, பிரியமானவர்களே. கர்த்தர் என்னை யோசிக்க வைத்தார். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

1. ஒரு டிசம்பர் மாத வாக்குத்தத்தம்

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மாதத்தின் முதல் நாள் என்றால் நம் சபைகளில் வாக்குத்தத்த ஆராதனை இருக்கும் அல்லவா? அன்றைக்கும் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு போய், மாத வாக்குத்தத்தத்தைப் பெற்றுக்கொண்டு, சந்தோஷமாய் வீடு திரும்பினோம். மழை நிற்கவில்லை. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அன்று இரவு அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு என்று ஆற்றை ஒட்டிய இடமெல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, பல இடங்களில் பாலும் இல்லை.

நாங்கள் இருந்த மந்தைவெளித் தெருவில் முழங்கால் அளவுதான் வந்தது. வீட்டுக்குள் வரவில்லை. "கர்த்தர் நம் வாசலைக் காத்தார்" என்று குடும்பமாய் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் பண்ணினோம். ஸ்தோத்திரம் பண்ணியது தவறல்ல. ஆனால் என் ஸ்தோத்திரம் என் வாசற்படியோடு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் சபையில் எல்லோரும் கூடி சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டினோம். ரொட்டி, தண்ணீர் பாட்டில், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஆற்றங்கரை மக்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நீண்ட வரிசை. நான் ஒவ்வொருவருக்கும் பொட்டலம் கொடுத்து, "இயேசப்பா உங்களை நேசிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அந்த அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகரவில்லை. என்னையே பார்த்துவிட்டு, "நான்தான் பிரதர். நம்ம சர்ச் கூட்டுறவ" என்றார்கள்.

ஆறு வருஷமாய் எங்கள் ஆராதனைக் கூடத்தைக் கூட்டித் துடைத்த கைகள் அவை. சனிக்கிழமை தோறும் நாங்கள் ஜெபம் முடித்துப் போன பிறகு வந்து, பாயை உதறி, நாற்காலிகளைத் துடைத்து அடுக்கி வைத்தவர்கள். கையில் துடைப்பம் இல்லாதபடியால் எனக்கு அடையாளம் தெரியவில்லை! பெயரைக் கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். வீட்டில் கூரை வரைக்கும் தண்ணீர் வந்ததாம். ரேஷன் கார்டும், பிள்ளைகளின் புத்தகங்களும், கேஸ் அடுப்பும் போய்விட்டதாம். இரண்டு ராத்திரி அவர்கள் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் நாங்கள் "சென்னைப் பட்டணத்துக்காக" பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

பட்டணத்துக்காக அழுதேன், பட்டணத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு ஆத்துமாவை மறந்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2. எழுப்புதல் எங்கே இறங்கியது?

நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிற ஜனங்கள். அப்படியானால் எழுப்புதலின் புத்தகமாகிய அப்போஸ்தலருடைய நடபடிகளை முழுவதும் வாசிக்க வேண்டும். இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பலத்த காற்றும் அக்கினி நாவுகளும் இருக்கின்றன. அதே அதிகாரத்தின் கடைசியில் என்ன இருக்கிறது? விசுவாசிகள் தங்கள் உடைமைகளை விற்று, அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பங்கிட்டார்கள் (2:44, 45). நாலாம் அதிகாரத்தில் இடம் அசைந்தது. அதற்கு அடுத்தாற்போலவே, அவர்கள் நடுவில் இல்லாமை என்று ஒருவனும் இருக்கவில்லை என்று வாசிக்கிறோம் (4:31-35). அக்கினி ஒரு பக்கம், அப்பம் ஒரு பக்கம் என்று ஆதிசபை பிரித்து வைக்கவில்லை.

ஆறாம் அதிகாரம் இன்னும் ஆழமானது. அன்றாடம் சாப்பாடு பகிர்ந்து கொடுப்பதில் கிரேக்க பாஷை பேசுகிற விதவைகள் விடப்பட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை "உலகக் காரியம்" என்று தள்ளிவிடவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்று கவனியுங்கள். நற்சாட்சி வேண்டும், ஞானம் வேண்டும், பரிசுத்த ஆவியின் நிறைவு வேண்டும் (6:3). சோறு பரிமாற அபிஷேகம்! பிற்பாடு இரத்தசாட்சியாய் மரித்த ஸ்தேவான் அந்தப் பந்தி விசாரிப்பில்தான் ஊழியத்தை ஆரம்பித்தார். சரி, அந்தப் பிரச்சினை தீர்ந்தபின் நடந்தது என்ன? ஏழாம் வசனத்தைப் பாருங்கள்: தேவவசனம் பரம்பியது, சீஷருடைய தொகை பெருகியது. விதவைகளின் தட்டு நிறைந்தது, சபையும் நிறைந்தது.

நம் தேசத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பண்டித ரமாபாய் அம்மையார் சிறு வயதில் பஞ்சத்தின் கொடுமையிலே தகப்பனையும் தாயையும் இழந்தவர். பசி என்றால் என்ன என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல. 1896-97-ல் மத்திய மாகாணங்களில் பெரும் பஞ்சம் வந்தபோது, தாமே அங்கே போய், ஆதரவற்ற சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்து வந்தார். புனேக்கு அருகே கேட்காவ்ன் என்ற ஊரில் முக்தி மிஷன் உருவானது. அவர்களுக்குச் சோறு போட்டார், எழுத்துக் கற்றுக் கொடுத்தார், கைத்தொழில் பழக்கினார். இப்படிப் பல வருஷம் போனபின், 1905-ல் அந்தப் பிள்ளைகள் நடுவே பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதல் 1906-ல்தான் வந்தது. முக்தியில் இருந்த மின்னி ஏபிராம்ஸ் என்ற மிஷனெரி சகோதரி எழுதிய புத்தகம் சிலி நாடு வரைக்கும் போய், அங்கே பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு ஒரு பொறியாயிற்று.

அக்கினி இறங்கிய இடம் எது? பசித்த பிள்ளைகளுக்குச் சோறு வடித்த இடம். எழுப்புதல் வந்த பிறகு சேவை செய்யலாம் என்று ரமாபாய் காத்திருக்கவில்லை.

3. உபவாச நாளில் ஒரு குற்றச்சாட்டு

ஏசாயா 58-ம் அதிகாரத்தை உபவாசக் கூட்டங்களில் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். வெளிச்சம் விடியற்காலத்தைப் போல் எழும்பும் என்ற ஆசீர்வாதத்தைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் மூன்றாம் வசனத்தில் கர்த்தர் வைக்கிற குற்றச்சாட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். நீங்கள் உபவாசிக்கிற அதே நாளில் உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று கேட்கிறார்.

இது எருசலேமில் மட்டும் நடந்ததா? நம் வீடுகளில் நடப்பதைச் சொல்லுகிறேன். கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து ஊழியக்காரரும் உறவினரும் வந்து தங்குகிறார்கள். மூன்று நாள் பாத்திரம் இரட்டிப்பு, துணி இரட்டிப்பு. விருந்தோம்பல் செய்த பேர் நமக்கு. தேய்த்த கை இன்னொருவருக்கு. மாதக் கடைசியில் சம்பளம் மட்டும் அதே சம்பளம். "போன வாரம் ரெண்டு நாள் வரலையே" என்று அதிலும் கழித்துக்கொள்கிறோம். ஏன் வரவில்லை என்று கேட்டோமா? பிள்ளைக்குக் காய்ச்சல். நாமோ அந்த வாரம் வியாதியஸ்தருக்காக விசேஷித்த ஜெபம் நடத்திக்கொண்டிருந்தோம்!

ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிடு என்றார் கர்த்தர் (உபாகமம் 24:14, 15). கொடுக்காமல் பிடித்து வைத்த கூலிக்கே ஒரு சத்தம் உண்டு, அது சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (5:4). யோசியுங்கள், தேவபிள்ளையே. நம் அல்லேலூயாவும் பரலோகத்துக்கு ஏறுகிறது. நாம் பிடித்து வைத்த இருநூறு ரூபாயின் சத்தமும் அங்கேதான் ஏறுகிறது. "அஞ்சாம் தேதி வாங்கிக்கோம்மா" என்று நாம் லேசாய்ச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வீட்டு வாடகை ஒன்றாம் தேதி.

4. தனி டம்ளர்

போவாஸ் என்ற மனிதன் வயலுக்கு வந்ததும் முதலில் அறுக்கிறவர்களுக்குக் கர்த்தருடைய நாமத்தினாலே வாழ்த்துச் சொன்னான்; அவர்களும் அப்படியே திரும்ப வாழ்த்தினார்கள் (ரூத் 2:4). புதிதாய் ஒரு பெண் வந்திருப்பது உடனே அவன் கண்ணில் பட்டது. அவள் யார் என்று விசாரித்தான். சாப்பாட்டு வேளையில் அந்த மோவாபியப் பெண்ணை அறுவடைக்காரர் பக்கத்தில் உட்காரவைத்து, வறுத்த கோதுமையைக் கொடுத்தான். அவள் திருப்தியாய்ச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள் (2:14).

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். வேலை செய்கிற சகோதரிக்கென்று ஒரு தனி டம்ளர், ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறதா? எவர்சில்வர் டம்ளர்தான், சுத்தமாய்த்தான் இருக்கிறது, ஆனால் தனி. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம், திங்கட்கிழமை டம்ளரைப் பிரிக்கலாமா? சில அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் அந்த விதியைப் போடும்போது அங்கே ஒரு விசுவாசி உட்கார்ந்திருந்தால், அவர் வாயைத் திறக்க வேண்டாமா? அந்நிய பாஷை பேசுகிற நாவு, அந்த இடத்தில் நல்ல தமிழில் இரண்டு வார்த்தை பேசக்கூடாதா?

தி.நகரில் கடை வைத்திருக்கிற சகோதரருக்கும், அங்கே புடவை எடுக்கப் போகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஊரை விட்டு வந்து, விடுதியில் தங்கி, கால் வீங்கி நிற்கிறவர்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. சட்டம் வந்துதான் ஒரு கிறிஸ்தவ முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட வேண்டுமா? தனக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் உண்டென்று அறிந்தவன் (கொலோசெயர் 4:1) அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டாமா? வாங்கப் போகிறவர்களும் ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் சரியில்லை" என்று எழுந்து வராமல், மடிக்கப்போகிற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு நன்றி சொல்லலாம். இதுவும் சாட்சிதான்.

5. பெரிய நாள் அன்பும் திங்கட்கிழமை அன்பும்

வெள்ளம் வந்தபோது சென்னை அழகாய் நடந்துகொண்டது. சபைகளும் மசூதிகளும் கோவில்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் சுனாமி பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைத் தாக்கியபோதும் ஜனங்கள் ஓடி உதவினார்கள். பெரிய நாளில் அன்பு செலுத்த எல்லோராலும் முடிகிறது. அதற்குப் பிறகு வருகிற திங்கட்கிழமைதான் கஷ்டம்.

எங்கள் சபையைக் கூட்டிய அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, ஏராளமான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே 2000 முதல் கண்ணகி நகருக்கு இப்படி ஜனங்கள் அனுப்பப்பட்டிருந்தார்கள். தலைக்குமேல் கான்கிரீட் கூரை கிடைத்தது, உண்மைதான். ஆனால் வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலும், வீடு தூரத்தில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அந்த அம்மா சில வாரம் பஸ் பிடித்து வந்தார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம்.

ஒரு விசுவாசி இரண்டு வாரம் ஆராதனைக்கு வராவிட்டால் மூன்று பேர் தேடிப் போகிறோம். இவர்களை யாரும் தேடவில்லை. நானும் போகவில்லை. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி அந்த நாட்களிலும் பிரசங்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கடைசியில் போனது எங்கள் சபையில் ஒரு வயதான சகோதரி. மேடையில் ஒருநாளும் ஏறாதவர். இரண்டு பஸ் மாறி, மாடி ஏறி, வீட்டைக் கண்டுபிடித்தார். போனவுடன் கைப்பிரதியை நீட்டவில்லை. "எப்படி இருக்கீங்கம்மா? என்ன கஷ்டம்?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். ரேஷன் கார்டு வெள்ளத்தில் போனபடியால் பல காரியம் தடைபட்டிருந்தது. இரண்டு மூன்று தடவை கூடப் போய், வரிசையில் நின்று, நகல் கார்டு வாங்கிக் கொடுத்தார். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதலே ஒரு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் என்று சில நன்மைகள் உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தச் சகோதரி விசாரித்துத் தெரிந்துகொண்டு பதிவு செய்ய உதவினார். ஜெபத்தோடு பாரம் தூக்குவது என்றால் இதுதான்.

மயிலாப்பூரைச் சுற்றி வாழ்கிற நாம் அப்போஸ்தலனாகிய தோமாவின் பேரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. வேதத்தில் உள்ளதல்ல, பாரம்பரியமாய் வருகிறது. கொண்டபோரஸ் என்ற ராஜா அரண்மனை கட்டச் சொல்லி தோமாவிடம் பணம் கொடுத்தானாம். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "அரண்மனை பரலோகத்தில் கட்டப்பட்டிருக்கிறது" என்றாராம். அப்படி ஒரு ராஜா இருந்தது மெய். அவன் பேர் பொறித்த நாசுகள் கிடைத்திருக்கின்றன. கதை எப்படியானாலும், கட்டிட நிதிப் பெட்டி வைத்திருக்கிற ஒவ்வொரு சபையும் அதை நினைத்துப் பார்க்கலாம். கூடத்துக்கு ஏ.சி. வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடத்தைக் கூட்டுகிறவருக்கு வீட்டில் மின்விசிறி ஓடுகிறதா என்றும் கேளுங்கள் என்கிறேன்.

6. தூண்டில் அல்ல

சிலர் கேட்கலாம்: "அந்த அம்மா இரட்சிக்கப்பட்டார்களா பிரதர்?" உண்மையைச் சொல்லுகிறேன். அவர்கள் இன்றுவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வருவார்கள், ஜெபிக்கச் சொன்னால் கண்ணை மூடி நிற்பார்கள். அவர்களுக்காக ஜெபிக்கிறோம், இன்னும் ஜெபிப்போம். ஆனால் அவர்கள் வரவில்லை என்பதற்காகச் செய்ததெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் சுகமாக்கினார். ஒருவன்தான் திரும்பி வந்தான் (லூக்கா 17:11-19). மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல சமாரியனும் காயப்பட்டவனிடம் "நீ எந்தக் கூட்டம்?" என்று கேட்கவில்லை, தன் கையிலிருந்து இரண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தான். சுவிசேஷத்தை வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆனால் சோற்றைத் தூண்டிலில் மாட்டாதீர்கள். பசியாயிருக்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

7. இந்த வாரமே செய்ய வேண்டியவை

• உங்கள் வீட்டிலும், தெருவிலும், சபையிலும் உங்களுக்காக வேலை செய்கிறவர்களின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தை வெறுமையாய் விடுங்கள். அந்த வெறுமையே உங்கள் முதல் ஜெபக் குறிப்பு. போய்க் கேட்டு நிரப்புங்கள்.

• ஒன்றாம் தேதியே சம்பளம் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை கொடுங்கள். விருந்தாளி வந்த மாதம் கூடக் கொடுங்கள்.

• தனி டம்ளர் இருந்தால் அதை எல்லா டம்ளரோடும் சேர்த்து அடுக்கிவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம், அடுக்கினால் போதும்.

• நல வாரியப் பதிவு, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று அலைய வேண்டிய ஒரு காரியத்தில் ஒருவரோடு கூடப் போங்கள். பணம் கொடுத்து அனுப்புவது ஒரு உதவி. கூட நின்று வரிசையில் காத்திருப்பது வேறு உதவி.

• வாலிபர் கூட்டத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரே இடத்தில், ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். பத்து இடத்துக்கு ஒருநாள் போவதைவிட, ஒரு இடத்துக்குப் பத்து மாதம் போவது மேல்.

• இவற்றைப் படமெடுத்து ஊருக்குக் காட்ட வேண்டாம் (மத்தேயு 6:1-4).

குழுவாய்ச் சிந்திக்க

அ) பந்தி விசாரிக்கிற வேலைக்கு ஏன் ஆவியின் நிறைவு தேவைப்பட்டது?
ஆ) தொற்காள் மரித்தபோது விதவைகள் எதைக் காட்டி அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:39)? நாம் மரித்தால் எதைக் காட்டி அழுவார்கள்?
இ) நம் சபையைவிட்டுச் சத்தமில்லாமல் காணாமல் போனவர்களில், நாம் தேடாதவர்கள் யார்?

பிரியமானவர்களே, நசரேயனாகிய இயேசு ஆவியினாலும் வல்லமையினாலும் அபிஷேகிக்கப்பட்டு, எங்கும் போய் நன்மை செய்தார் என்று பேதுரு சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 10:38). அந்த அபிஷேகம் அவரை ஓரிடத்தில் உட்காரவைக்கவில்லை, நடக்க வைத்தது. நம்மையும் நடக்க வைக்கட்டும். மயிலாப்பூரின் சந்துகளுக்கும், தி.நகரின் கடைகளுக்கும், பெரும்பாக்கத்தின் மாடிப்படிகளுக்கும் அது போகட்டும். முதலில், நம் சொந்தச் சமையலறைக்குப் போகட்டும்.

ஜெபம்

அன்பின் பரம தகப்பனே, எங்கள் வாசலைக் காத்தீர், உமக்கு ஸ்தோத்திரம். வாசலுக்கு வெளியே நின்றவர்களை நாங்கள் பார்க்காமல் போனதை மன்னியும். நாங்கள் பிடித்து வைத்த கூலியையும், கேட்காமல் விட்ட பெயர்களையும் எங்களுக்கு நினைப்பூட்டும். எங்களை அபிஷேகியும் ஆண்டவரே; அந்த அபிஷேகம் எங்கள் கைகளிலும் கால்களிலும் இறங்கட்டும். எங்களுக்காக உழைக்கிறவர்கள் எங்களில் உம்மைக் காணக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும், உங்கள் குடும்பத்தையும், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.